குறுக்குக் கம்பு விழவில்லை

ஞானம்,

திங்கட்கிழமை நீ வண்டி ஏறுவதற்குள் இதைப் படித்தாக வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கிறேன், முடியவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு குழறும், உனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக டைப்ரைட்டரோடு பழகிய விரல்கள் மட்டும் குழறுவதில்லை. ஆனாலும் இதை டைப் அடிக்க மனம் வரவில்லை, கையாலேயே எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. மேஜைமேல் திறந்தே கிடக்கும். உன் சித்தப்பா வந்தால் அவரும் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உட்கார்ந்து நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் படிக்கட்டும்.

அன்றைக்கு மாதா கோயில் பூசை முடிந்து பாலக்கரையில் பாதிப் பேர் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உனக்கு டிரில் மாஸ்டர் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது, புதுக்கோட்டைப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம், இருபத்திரண்டு வயதில் யாருக்குக் கிடைக்கும் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமைதான். அப்போதுதான் உன் சித்தப்பா கேட்டார். "ஏன்டா ஞானம், உன்கூட ஒரு ஸ்ரீரங்கத்துப் பையன் கோலூன்றித் தாண்டுவானே, உன்னைவிட நல்லா தாண்டுவான்னு சொல்வாங்களே, அவன் என்ன ஆனான்?" நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னாய். "ரங்கனா? அவன் கால் போச்சு சித்தப்பா. டெக்னிக் தப்பு. ஊன்றும்போது கையைச் சேர்க்கலை. சொன்னா கேக்கமாட்டான்." எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். காப்பி போடப் போனேன் என்று நினைத்திருப்பாய். அங்கே உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல்தான் போனேன்.

சொன்னால் கேட்கமாட்டானா? யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தது, ஞானம்? ஆபீஸ் ஜன்னல் வழியாக நாலு வருஷம் உங்கள் இரண்டு பேரையும் பார்த்தவள் நான். உன் அப்பா போனபோது உனக்கு ஆறு வயது. டைப்பிங் பாஸ் செய்திருந்தேன் என்ற ஒரே காரணத்தால் நீ படித்த அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. என் நாற்காலிக்கு நேர் எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மைதானம், மைதானத்தின் ஓரத்தில் அந்த மணல் குழி. நான்கு மணி அடித்ததும் நீங்கள் கோலைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். கணக்கு வாத்தியாருக்குக்கூடத் தெரியாத விஷயங்கள் எனக்குத் தெரியும். பதினெட்டுத் தப்படி ஓட வேண்டும். கடைசி இரண்டு தப்படியில் கோலை இறக்கி, தரையில் பதித்திருக்கும் பெட்டிக்குள் ஊன்ற வேண்டும். ஊன்றும் அந்த நொடியில் கீழ்க்கை வழுக்கிக்கொண்டு மேலேறி மேல்கையோடு சேர வேண்டும். சேராவிட்டால் உடம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிறகு தொங்க வேண்டும். தொங்கினால் ஊசலாட்டம் தானே வரும். கால் மேலே போன பிறகுதான் கையை இழுப்பது, திரும்புவது, கோலைத் தள்ளிவிடுவது எல்லாம்.

இது எதையும் ரங்கனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர்ப் பக்கம் வாழைத்தோட்டங்களில், மரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கழியை உருவிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டி வளர்ந்தவன். தோட்டக்காரன் துரத்தும்போது கையைச் சேர்க்காமல் தாண்டினால் தண்ணீரில் விழ வேண்டியதுதான் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். உன்னிடம் என்ன தப்பு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஊன்றியதுமே இழுத்துவிடுவாய். பயம். அவன் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்துவான். "தொங்குடா ஞானம்! ஏன்டா அவசரப்படறே? ஊஞ்சல்ல ஏறினதும் சங்கிலியப் பிடிச்சு இழுப்பியோ?" ஒரு முழு மாசம் அதையே சொன்னான். டிரில் மாஸ்டர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். "நான் சொல்லவேண்டியது எல்லாத்தையும் அவனே சொல்றான்மா" என்று ஆபீஸுக்குள் வந்து என்னிடமே சொல்லியிருக்கிறார். நீ ஒன்பதடி தாண்டியது அந்த மாசத்தில்தான். அப்படிப்பட்டவனைப் பற்றி நீ முறுக்கு தின்றுகொண்டே சொல்கிறாய், சொன்னால் கேட்கமாட்டானாம்.

உன்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு உன்னுடையதல்ல. 'ஊன்றும்போது கைகளைச் சேர்க்காமல், தவறான முறையில், ஆசிரியரின் அறிவுரையையும் மீறி.' அந்த வாக்கியம் என் டைப்ரைட்டரிலிருந்து வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்று நகல் வைத்து, இங்கிலீஷில், ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். அதைத்தான் நீ தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. மழைக்குப் பிறகு குழி மணல் இறுகிப்போயிற்று. போதாததற்குப் புது விழா மண்டபம் கட்ட வந்த கொத்தனார்கள் குழிக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்பு குழைத்து, சித்தாள்கள் அதன் வழியாகவே நடந்து, மிதித்து மிதித்துத் தரையாக்கிவிட்டார்கள். டிரில் மாஸ்டர் என்னிடம் வந்து ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். குழியைக் கொத்திவிட வேண்டும், மரக்கடையிலிருந்து இரண்டு வண்டி மரத்தூள் கொண்டுவந்து கொட்ட வேண்டும், அதுவரை பிள்ளைகள் தாண்டுவது ஆபத்து. அடித்துக் கொடுத்தேன். தலைமையாசிரியர் படித்தார், மேஜைமேல் இருந்த காகிதத் தட்டில் போட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அதுவும் தட்டுக்குப் போயிற்று. மூன்றாவது கடிதத்தை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மண்டபத் திறப்பு முடியட்டும்மா. எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல ஆளுங்கள விட முடியுமா?" என்றார். மண்டபத்துக்கு வாசலில் வைக்க இரண்டு சிங்கம் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஆள் இருந்தது.

அப்போதுதான் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடந்தாய். மண்டபத் திறப்புக்குக் கல்வி இலாகாவிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கூட்டமெல்லாம் முடிந்து மைதானத்தைச் சுற்றிக் காட்டும்போது, எங்கள் பள்ளியில் கோலூன்றித் தாண்டுகிற பையன் இருக்கிறான், ஜில்லாவிலேயே முதல் பரிசு வாங்கப்போகிறவன் என்று தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார். அதிகாரி ஆவலாகக் கேட்டார், பார்க்கலாமா என்று. என் ஜன்னலுக்கு நேரே நின்றுதான் பேசினார்கள். டிரில் மாஸ்டர் மெதுவாக, "சார், குழி இன்னும் சரி பண்ணலை சார்" என்றார். தலைமையாசிரியர் முகத்தில் சிரிப்பு மாறாமலேயே பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்தவங்க பார்க்கணும். ரெண்டு மூணு தடவை தாண்டச் சொல்லுங்க. அவனுக்கு என்ன, குரங்கு மாதிரி விழுவான்" என்றார். டிரில் மாஸ்டர் விசிலை ஊதினார்.

ரங்கன் முதல் தடவை தாண்டிவிட்டு எழுந்து வரும்போதே உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். இரண்டாவது தடவை தாண்டியதும் மாஸ்டரிடம் காதோடு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையை உயர்த்தி, இன்னும் மேலே வை என்று சைகை காட்டினார். குறுக்குக் கம்பை ஏற்றி வைத்தார்கள். ரங்கன் ஓடி வந்தான். நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன், அவன் தாண்டும்போது எப்போதுமே எழுந்து நிற்பேன். பதினெட்டுத் தப்படி. கோல் பெட்டியில் சரியாக இறங்கியது. கைகள் சேர்ந்தன. ஞானம், சேர்ந்தன. இந்தக் கண்ணால் பார்த்தேன். தொங்கினான், ஆடினான், கால் மேலே போயிற்று, மேலே திரும்பி கோலைப் பின்னால் தள்ளிவிட்டான். கம்பு அசையக்கூட இல்லை. அதிகாரி கைதட்டிவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவேதான் அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் அரிசி மூட்டையைப் போட்ட சத்தம். கைதட்டல் நிற்கச் சிறிது நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான்.

வலது குதிகால் எலும்பு நொறுங்கிப்போயிற்று. நான்கு மாசம் கட்டு. காலை இனி ஒருநாளும் சரியாக ஊன்ற முடியாது என்று டாக்டர் சொன்னார். நீ ஒன்றை எனக்குச் சொல். நீயும் தாண்டியவன்தானே, ஒரு வருஷம் மதராஸில் போய் இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவன்தானே. கையைச் சேர்க்காமல் ஊன்றினவன் எங்கே விழுவான்? கம்புக்கு இந்தப் பக்கமே விழுவான், இல்லையென்றால் கம்பையும் இழுத்துக்கொண்டு விழுவான். கம்பு தூணில் இருக்க, அந்தப் பக்கம் குழிக்கு நட்ட நடுவில் காலை ஊன்றி ஒருத்தன் விழுந்திருந்தால் அவன் டெக்னிக்கில் என்ன தப்பு? அன்றைக்குக் கம்பு விழுந்ததா என்று இந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, யாரிடமாவது நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் நீ கேட்டுவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'கைகளைச் சேர்க்காமல்' என்ற இடம் வந்ததும் என் பென்சில் நின்றுவிட்டது. "சார், நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன். கம்பு விழலையே சார்" என்றேன். அவர் சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பையன் இங்கேதானே படிக்கிறான்? கழுத்து வீக்கம் குறைஞ்சுதா?" என்று கேட்டார். "குறைஞ்சிருக்கு சார்" என்றேன். "நல்லா பார்த்துக்குங்க. ஜில்லாப் போட்டிக்கு இனிமே அவன்தான்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரும் மிரட்டவில்லை, நானும் எதிர்க்கவில்லை. போய் உட்கார்ந்து அடித்தேன். டிரில் மாஸ்டர் வந்து, எழுத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் தலைமையாசிரியர் என்னை மறுபடி கூப்பிட்டு, மரத்தூள் கேட்டு எழுதிய அந்தக் கடிதங்களின் நகல் ஃபைலில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் கையை நீட்டினார். மூன்றையும் நானே உருவிக்கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தேன். வேறு யாருக்கும் அவை எந்த ஃபைலில் இருக்கின்றன என்று தெரியாது, ஞானம். நான் 'தேடிப் பார்க்கிறேன் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதுகூட எனக்கு வரவில்லை.

அந்த வாரமே குழியைக் கொத்தினார்கள். இரண்டு வண்டி கேட்டிருந்தோம், நான்கு வண்டி மரத்தூள் வந்து இறங்கியது. நீ துண்டை அவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தபோது குழி இலவம்பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் நீ ரங்கன் தப்பாகத் தாண்டியிருப்பான் என்று நம்பினாய். இவ்வளவு மெத்தென்று இருக்கிற குழியில் விழுந்து ஒருத்தனுக்குக் கால் உடையுமா என்று வீட்டுக்கு வந்து என்னிடமே கேட்டாய். நான் சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். "சாப்பிடு" என்றேன். அவன் கால் உடைந்ததற்காக வந்த மரத்தூளில்தான் நீ ஜில்லாக் கோப்பைக்குப் பழகினாய். கோப்பையோடு நீ வந்தபோது நானும்தான் கைதட்டினேன்.

ரங்கனின் அம்மா ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். மடிசார் கட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம், வெளியே அதிகம் வராதவர். தலைமையாசிரியர் இல்லை என்று பியூன் சொல்ல, என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்கதான் ஞானத்தோட அம்மாவா? எங்க ரங்கன் உங்களப் பத்திச் சொல்லியிருக்கான். அவன் தாண்டறச்சே ஜன்னல்ல நின்னு பாப்பேளாமே. அன்னிக்கும் பாத்தேளா? எம்பிள்ளை தப்பாத்தான் குதிச்சானா? அவன் இல்லேங்கறான். அவா அப்பா நம்பமாட்டேங்கறார். வாத்தியார் சொன்னதக் கேக்காம குதிச்சான்னு எழுதியிருக்கே, அப்பறம் என்னடா பேச்சுங்கறார். நீங்க சொல்லுங்கோ, நான் நம்பறேன்." ஒரு தாய் இன்னொரு தாயிடம் வந்து கேட்கிறாள். நான் டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டு, "ரிப்போர்ட்ல அப்படித்தாங்க இருக்கு" என்றேன். அந்தம்மா, "சரி, வரேன்" என்று போய்விட்டார். வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அதுதான். டைப் அடித்ததைக்கூட, பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது?

பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைப் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவர் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். மனசு கொஞ்சம் லேசானதுபோலக்கூட இருந்தது. அது என்ன லேசு! கால் உடைந்தது சாமியாருக்கா? ஸ்ரீரங்கம் பஸ் நம் தெருமுனையில்தான் நின்று போகிறது. ஆறு வருஷத்தில் நான் ஒருநாள் ஏறியிருக்கலாம்.

உன் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டு அவிழ்த்த பிறகு ரங்கன் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்கு வர ஆரம்பித்தான். குழி ஓரத்தில் உட்கார்ந்து உன்னைத் திருத்திக்கொண்டிருந்தான். ஒருநாள் நீ தாண்டி முடித்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். மைதானத்தில் வேறு யாருமில்லை, ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. "ஞானம், நான் கையச் சேத்தேன்டா. எனக்கு நன்னாத் தெரியும்டா" என்றான். நீ தண்ணீர் குடித்துக்கொண்டே, "மாஸ்டரே கையெழுத்துப் போட்டிருக்காருடா. உனக்கு ஞாபகம் இருக்காது, வலியில மறந்திருப்ப" என்றாய். அவன் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீ யோசித்தாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கூட விளையாடியவன் தன் வாயால் சொன்னதை நம்பாமல் காகிதத்தை நம்பினாய். நாளைக்கு உன் கையிலேயே அந்த மாதிரிக் காகிதங்கள் வரும். அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம்.

டிரில் மாஸ்டர் அந்த வருஷக் கடைசியிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போக ஆபீஸுக்கு வந்தவர், "நீங்க டைப் அடிச்சீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் நல்லா இருப்போம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் யார் முகத்திலும் மறுபடி பார்க்க விரும்பவில்லை. உன் முகத்தில் பார்க்கவே கூடாது. நல்ல மனிதர்தான் அவர், ஞானம். பிள்ளைகளிடம் பிரியமானவர், வேலை தெரிந்தவர். குழி சரியில்லை என்று மூன்று தடவை எழுதியவர். நான்காவது தடவை விசில் ஊதாமல் இருக்க அவருக்குத் தைரியம் போதவில்லை. அந்த ஒரு விசில்தான். ஆகவே நீ எந்தப் பிள்ளையையும் தாண்டச் சொல்வதற்கு முன்னால், எந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தாலும், குழியில் நீயே முதலில் குதித்துப் பார். உன் கால் வலித்தால் அன்றைக்கு யாரும் தாண்ட வேண்டாம். ஒரு பையன் வந்து காதோடு ஏதோ சொன்னால் மேலதிகாரி முகத்தைத் திரும்பிப் பார்க்காதே, அந்தப் பையன் காலைப் பார். உன்னை ஒன்றில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒவ்வொரு வரியும் படி. பொய்யாக இருந்தால் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வா. வேலை போகட்டும். எனக்குப் பிள்ளை இருப்பான், அது போதும்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ரங்கன் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலை ஒரு முக்காலிமேல் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தான். ஆள் பருத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், வேண்டாம் என்றேன். அவனுடைய அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டாராம். கடைசி வரை இவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அந்தம்மா சொன்னார். "குரு வார்த்தையத் தட்டினவன்னே சொல்லிண்டிருந்தார். பெருமாள் திருவடி சேர்ற வரைக்கும் அதையேதான் சொன்னார்." ஞானம், நான் அடித்த ஒரு வரி அந்த வீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்கள், குழி, நான் உருவிக் கொடுத்த நகல்கள், அன்றைக்கு ஆபீஸில் அவரிடம் நான் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. உனக்காகச் செய்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

ரங்கன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கம்பு ஆடலைதானேம்மா?" "ஆடக்கூட இல்லைப்பா" என்றேன். "இத எழுதித் தரேளா?" என்று ஒரு நோட்டைக் கொடுத்தான். தமிழில் எழுதி, கீழே என் முழுப் பெயரையும் வேலையையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவன் ஒருமுறை படித்தான். "பத்தடின்னு எழுதியிருக்கேளே. பத்தடி மூணு அங்குலம். மாஸ்டர் அளந்து வெச்சத நான் பாத்தேன்" என்றான். திருத்தினேன். அவனுடைய அம்மா, "அது என்னடா, மூணு அங்குலத்துல என்ன இருக்கு?" என்றார். "என் ஜன்மத்துல நான் தாண்டினதுலயே அதான்மா ஒசரம். யாரும் எழுதிக்கலை" என்றான். சொல்லிவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். அந்தம்மா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "காப்பி குடிக்கறேளான்னு கேக்கணும். எனக்கு மனசு வரலை. போயிட்டு வாங்கோ" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலை அதே விவரத்தை எழுதி இப்போதைய தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சங்கடப்பட்டார். "பழைய கதைம்மா. பழைய ஹெட்மாஸ்டர் ரிட்டயராகி மண்டபத்துல அவர் படமே மாட்டியாச்சு. இப்ப எதுக்கு இது? உங்க வேலைக்கே ஏதாவது வந்துடப்போகுது" என்றார். வரட்டும் சார், ஆனால் அந்தப் பையன் ரிப்போர்ட்டோடு இதையும் சேர்த்து ஃபைலில் வையுங்கள் என்றேன். வைப்பாரா, குப்பையில் போடுவாரா, தெரியாது. குப்பையில் போட்டால் இன்னொன்று எழுதுவேன். அதற்கு மேலும் எழுதுவேன். எனக்கு இனி வேறு என்ன வேலை?

ரங்கன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, மில்லில் அரைநாள்தான், மத்தியானத்துக்கு மேல் அவன் வீட்டில் இருப்பான். நீ போ. என்னைத் துணைக்குக் கூப்பிடாதே, அம்மாதான் செய்தாள் என்று என் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. நான் எழுதிய பொய்க்கு நான் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னபோது நம்பாமல் போனதற்கும், ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசியதற்கும் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அவன் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், வாசலில் நில். பேசாவிட்டால் பேசாமலே நின்றுவிட்டு வா. ஆனால் போகாமல் இருந்துவிட்டு திங்கட்கிழமை காலை பெட்டியைத் தூக்கினாயானால், ஞானம், உன்னை வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன்.

அம்மா